முதலை வேட்டையும் இடனறிதலும்

திருவள்ளுவர் முதலையைப் பேசுமிடம் இடனறிதல் என்னும் அதிகாரம். ஆழ்ந்த நீரிலே எவ்வுயிரையும் வெல்லவல்ல அவ்விலங்கு நீரைவிட்டு நீங்குமாயின் பிறவற்றுக்குத் தோற்கும் என்பது ஆங்குப் பெறப்படும் கருத்து. குறிஞ்சிப்பாட்டு ஒன்றிலேயே முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்கள் வந்துள்ளமையை நோக்கின், பண்டைத் தமிழர் அவ்விலங்கினத்தை வகைபிரித்து அறிந்திருந்தனர் என்பது புலனாகும். ஆயின், முதலையைக் கொன்றே முதலையினத்தைக் காக்கலாம் என்பது அவர்கள் கேட்டிராத செய்தி.

அச்செய்தி எங்கள் மலைநாட்டுப் பாடசாலைக்கும் வந்து சேர்ந்தது. சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் நிகழ்த்திய சொற்போரில், ‘வரையறுத்த வேட்டை வனவிலங்கைக் காக்கும்’ என்பது பொருள். நடுவர் மூவருள் யானும் ஒருவன். ஆதரித்துப் பேசிய மாணவன் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சான்று காட்டினான். எதிர்த்துப் பேசிய மாணவி உயிர்க்கொலை பாவம் என்பதையே பலவாறு எடுத்துரைத்தாள். அவன் கூற்று கேட்க இனிதாயிருந்தது. அவள் கூற்று மறுக்கவியலாததாயிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. அவையில் இருந்தோருட் பெரும்பாலோர் நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள். ஓரிரவிற் காட்டுப்பன்றி வந்து மரவள்ளிப் பாத்தியை உழுதுவிட்டுப் போவதைக் கண்டவர்கள். அவர்களுக்கு இது வெறும் சொல் விளையாட்டன்று. ஆகவே இக்கொள்கையைச் சற்று நிதானமாக ஆராய்தல் தகும் என்று தோன்றியது.

முதலில் லூசியானாவின் கதையை உள்ளவாறு கூறுதல் வேண்டும். அலிகேட்டர் எனப்படும் அகன்ற மூக்குடைய முதலை அந்நாட்டுத் தென்பகுதிச் சதுப்பு நிலங்களில் வாழ்வது. தோலின் பொருட்டுக் கணக்கின்றிக் கொல்லப்பட்டமையால் அது அருகியது. 1962இல் லூசியானா அதன் வேட்டையை முற்றாக நிறுத்தியது. 1967இல் அமெரிக்க நடுவண் அரசு அதனை அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவித்தது. 1969இல் கள்ளத் தோல் மாநில எல்லை கடந்து விற்கப்படுவதைத் தடுக்கச் சட்டம் இறுக்கப்பட்டது. அதன் பின்னரே, 1972இல், கமரன் என்னும் ஒரு மாவட்டத்தில் மட்டும் வேட்டை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் அது விரிவுபெற மேலும் ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1987இல் அம்முதலையினம் முற்றாக மீண்டுவிட்டது என அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புளோரிடாவும் வரையறுத்த வேட்டையைத் தொடங்கியது. லூசியானாவில் இன்று இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட முதலைகள் உள்ளன என அம்மாநிலத்தார் மதிப்பிடுகின்றனர்.

இந்த ஆண்டுக் கணக்கை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். துப்பாக்கி முதலில் வாய்மூடியது. பத்தாண்டு கழித்தே திறந்தது. மாணவன் தன் பேச்சில் அப்பத்தாண்டை விட்டுவிட்டான். விட்டது அவன் குற்றமன்று; இக்கொள்கையைப் பரப்புவோருட் பலரும் அதனை விட்டுவிட்டே பேசுகின்றனர்.

வேட்டை திறந்த பின்னரும் அது நடந்த முறை வியந்து பாராட்டத்தக்கது. ஆண்டுதோறும் கோடையில் ஹெலிகொப்டரிற் பறந்து முதலைக் கூடுகளை எண்ணுகின்றனர். அந்த எண்ணைக் கொண்டு இன்ன சதுப்பு நிலத்துக்கு இத்தனை அடையாள வில்லை என வகுத்துக் கொடுக்கின்றனர். பிடித்த ஒவ்வொரு முதலையின் வாலிலும் ஒரு வில்லை பூட்டப்படல் வேண்டும். வில்லை முடிந்தால் வேட்டையும் முடிந்தது. வேட்டைக்குரிய பருவமும் ஆராய்ந்தே குறிக்கப்பட்டது. கோடை கழிந்து இலையுதிர்காலம் தொடங்கும் வேளையில் முட்டையிட்ட பெண் முதலைகள் உட்சதுப்பில் தங்கியிருக்க, ஆண் முதலைகள் ஆழ்ந்த நீர்நிலைகளில் உலாவுகின்றன. அவ்வாழ்நீரின் மேல் இரை கோத்த தூண்டிலைத் தொங்கவிடுவோர்க்குக் கிடைப்பவற்றுள் ஆணே மிகுதி. காலமறிதலை அடுத்து இடனறிதலை வைத்த வள்ளுவருக்கு இந்த ஏற்பாடு உவப்பளித்திருக்கும் என்று எண்ணினால் அது மிகையாகாது.

இனி, அங்கே முதலையைக் காத்தது எது? தூண்டிலா, துப்பாக்கியா? இரண்டும் அல்ல என்பது என் துணிபு. லூசியானாவின் கடலோரச் சதுப்பிற் பெரும்பகுதி தனியார் உடைமை. சதுப்பை வடித்து வயலாக்குவதா, அன்றி நீர் நிற்க விடுவதா என்பது அவ்வுடைமையாளர் கையிலிருந்தது. வில்லையானது நிலத்துக்கே உரியதாக வகுக்கப்பட்டமையால், முதலையின் விலையில் ஒரு பங்கு நிலத்துக்குரியவனுக்குக் கிடைத்தது. நீர் நிற்கும் சதுப்பு அவனுக்கு வருவாய் தரும் நிலமாயிற்று. 1980களில் வளர்ந்த முட்டை சேகரிக்கும் முறையும் இவ்வாறே. காட்டிலெடுத்த முட்டைக்கு நிலவுடைமையாளர் பணம் பெற்றனர்; பண்ணையாளர் அம்முட்டைகளிற் பொரித்தவற்றுள் ஒரு பகுதியை, ஏறத்தாழ நான்கடி வளர்ந்த பின்னர், காட்டுக்கே திருப்பிவிடக் கடமைப்பட்டனர். அப்பங்கு தொடக்கத்தில் நூற்றுக்குப் பதினேழு. முதலைகள் பெருகப் பெருக அது குறைக்கப்பட்டது.

ஆகவே அங்கு நிகழ்ந்தது நிலம், கணக்கு, காவல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த ஓர் ஏற்பாடு. வேட்டை அதன் கடைசிக் கண்ணி. அக்கண்ணியும் என்றும் இற்றுப்போகாதது என்பதற்கில்லை. தோலுக்கு விலை உள்ளவரையிலேதான் சதுப்பு நிலத்துக்கு மதிப்பு. பிற்காலத்தில் பண்ணைத் தோல் மலிந்து காட்டுத் தோலின் விலை வீழ்ந்தபோது வேட்டைக்குச் செல்வோரும் குறைந்தனர். ஓருயிரின் பாதுகாப்பைப் பிறநாட்டுச் சீமாட்டியரின் கைப்பை மோகத்தின் மேல் நிறுத்துவது எத்துணை உறுதியானது என்பதை ஆதரிப்போர் எண்ணிப் பார்த்தல் நன்று.

இலங்கையில், அதிலும் இம்மலைநாட்டில், வேட்டையின் வரலாறு முற்றிலும் வேறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு யானை ஒரு தொல்லையாகக் கருதப்பட்டது. கொன்றவருக்கு அரசு பரிசளித்தது. ஒரு வாலுக்குப் பத்துச் சிலிங்காக இருந்த அப்பரிசு பின்னர் ஏழாகக் குறைந்தது. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தம் நூலில், 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஏறத்தாழ 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் பரிசளிக்கப்பட்டமையைக் குறித்துள்ளார். மேஜர் றொஜர்ஸ் என்னும் ஒருவரே 1,400 யானைகளைக் கொன்றார் என்பர். அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். கல்லறை நுவரெலியாவில் உள்ளது. அவ்விடியைக் கன்மபலன் என்று எம்மூர் முதியோர் கூறுவதுண்டு. யான் அதற்கு உரை கூறப் புகவில்லை.

இக்காலத்தின் இலக்கியச் சான்று சாமுவேல் பேக்கரின் நூல்கள். 1848 அளவில் நுவரெலியாவிற் பண்ணை அமைத்து வாழ்ந்த அவர், இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும் என்னும் பொருள்படும் நூலையும், 1855இல் தம் எட்டாண்டு அலைவுகள் பற்றிய நூலையும் வெளியிட்டார். பேக்கர் எழுத்தாற்றல் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. நாய்கள் மரையைத் துரத்தி மலையருவியில் மடக்க, அவர் கத்தியொன்றுடன் நீரில் இறங்கும் காட்சிகள் இன்றும் படிப்போரைப் பற்றி இழுக்கும். வேட்டைக்கு ஓர் ஒழுக்கம் உண்டு என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஆயினும் அவ்வொழுக்கம் வேட்டையாடுவோனின் வீரத்தைப் பற்றியது. விலங்கின் எதிர்காலத்தைப் பற்றியதன்று. வீழ்ந்தவற்றை அந்நூல் சுவைபட எண்ணுகிறது. எஞ்சியவை எத்தனை என்ற வினா அதன் போக்கை எங்கும் மாற்றவில்லை. நல்ல நடையினால் எழுதப்பட்ட நூல் தவறான கணக்குக்குத் துணைபோகலாம் என்பதற்கு மாணவர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை யான் அறியேன்.

யானையை மலையிலிருந்து அகற்றியது துப்பாக்கி மட்டுமன்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கோப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்கும் காடு வெட்டிய கோடரியின் பங்கு துப்பாக்கியினதிற் குறைந்ததன்று. அக்கோடரியைப் பிடித்த கைகளுள் எம் முன்னோர் கைகளும் இருந்தன.

பின்னர் வேட்டையாடுவோரே விழித்துக்கொண்டனர். 1894இல் அவர்களுட் சிலர் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். இன்றைய வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் வழிவந்ததே. 1872, 1891, 1909 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் படிப்படியாக வேட்டையை வரையறுத்தன. யால சரணாலயத்தை அடுத்து, இந்நாட்டில் வதியும் வேட்டைப் பிரியருக்கென ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்பட்டது. 1937இன் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அனுமதிச் சீட்டுடன் வேட்டையாடத்தக்க இடைவலயங்களுக்கு இடமளித்தது. ஆகவே வரையறுத்த வேட்டை நமக்குப் புதிய சரக்கன்று. பல்லாண்டு இங்கே நடைபெற்று ஓய்ந்தது. அதனாற் சில காடுகள் பிழைத்தன என்ற நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் அச்சீட்டு யார் கைக்கு எட்டியது? துரைமாருக்கும் வசதி படைத்தோருக்கும் அது பொழுதுபோக்கின் உரிமை. அதே மரையின் இறைச்சியைத் தேடிய ஏழை சட்டத்தின் கண்ணுக்குக் கள்ள வேட்டைக்காரன் ஆயினான். காட்டை அடுத்து வாழ்வோர்க்குப் பங்கு தராத வரையறை, வரையறை என்ற பெயருக்குரியதே. லூசியானா என்ற பெயருக்குரியதன்று.

இன்றைய நிலை என்ன? எங்கள் நீர்த்தேக்கங்களில் முதலை இல்லை. சிவனொளிபாதமலைக் காட்டுக்கும் தேயிலைக்கும் இடையிலே திரிவன சிறுத்தையும் காட்டுப்பன்றியும் குரங்கும். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை அகப்படுகிறது. 2020 மே மாத இறுதியில், நல்லதண்ணிப் பகுதியில், லக்சபானத் தோட்டத்து மரக்கறிப் பாத்தியருகே அகப்பட்டது கருஞ்சிறுத்தை. இந்நாட்டிற் காண்டற்கு மிக அரியது. வனசீவராசிகள் திணைக்களத்தார் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றனர். சில நாட்களில் அது இறந்தது. சுருக்குக்கு ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை, பருவம் இல்லை, வில்லை இல்லை. அஃது எவ்வகை வரையறைக்கும் நேர்மாறானது.

இதற்கு மாற்றாகப் பன்றியையும் குரங்கையும் அனுமதி கொடுத்துச் சுடச்செய்தால் என்ன என்று ஆதரித்த அணியினர் கேட்டனர். கேள்வியிற் பொருள் உண்டு. பயிரிழந்தவன் வேதனையைப் பாவபுண்ணியக் கதைகளால் ஆற்றவியலாது. முற்றாகத் தடுத்தல் ஒன்றே போதும் என்பாரும் சென்னை முதலைப் பண்ணையை நினைத்தல் வேண்டும். 1976இல் தொடங்கிய அப்பண்ணையில் முதலைகள் வைக்க இடமின்றிப் பெருகின. விற்கவோ சட்டம் இடந்தரவில்லை. ஆயின் சுடுமுன் எண்ணவேண்டுமே! 2025 மார்ச் 15ஆம் நாள் காலையில் நாடெங்கும் ஐந்து நிமிடத்தில் குரங்கு, மயில் முதலியன எண்ணப்பட்டன. முயற்சி பாராட்டத்தக்கதாயினும், ஐந்து நிமிட எண்ணை லூசியானாவின் கூட்டுக் கணக்கோடு ஒருங்கு வைத்தல் இயலாது. இரண்டாண்டுக்கு முன், 2023இல், ஓரிலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு எழுந்தபோது இவ்வெண்ணும் கையில் இல்லை.

நமக்கு அண்மையிலுள்ள வேறொரு முறையை இரு அணியினரும் குறிப்பிடாமை எனக்கு வருத்தமே. தமிழ்நாட்டு இருளர் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர். 1976இல் தோல் ஏற்றுமதி தடைப்பட்டபோது அவர் தொழில் இழந்தனர். 1978இல் அவர்களுக்கெனப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. வனத்துறை விதித்த எண்ணிக்கைக்குள் பாம்பு பிடிப்பர். சில வாரம் மட்பானைகளில் வைத்து நஞ்செடுப்பர். வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விடுவர். நஞ்சுமுறி மருந்துக்கு அந்நஞ்சே மூலப்பொருள். இதுவும் வரையறுத்த வேட்டைதான். கொலை மட்டும் இல்லை. வேட்டையாடுவோனே சங்கத்தின் உறுப்பினன், அவன் கைத்திறனே முதல். லூசியானாவின் உயிர்நாடி இங்கே துப்பாக்கியின்றியே துடிக்கிறது. காட்டுப்பன்றிக்கு இம்முறை பொருந்தாது என்பது வெளிப்படை. ஆயினும் எதை இறக்குமதி செய்யவேண்டும், எதை விட்டுவிடவேண்டும் என்பதை இது காட்டும்.

சொற்போரில் ஆதரித்தோர் இரண்டு புள்ளியால் வென்றனர். என் தாளில் மட்டும் எதிரணிக்குப் புள்ளி மிகுந்திருந்தது. அவ்வணியின் மூன்றாம் பேச்சாளன், தோட்டத்துப் பையன், இறுதியாக எழுந்து இவ்வாறு கேட்டான்: “சதுப்பு நிலத்துக்காரனுக்கு முதலையிற் பங்குண்டு என்றீர்கள். நாங்கள் மரவள்ளி நடும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். பன்றி அரசாங்கத்துக்குச் சொந்தம். எங்களுக்குரிய வில்லையை எந்த நிலத்தின் பேரில் எழுதுவீர்கள்?” எதிரே இருந்தவர் விடை கூற எழுந்தார். அதற்குள் நேரக்காப்பாளர் மணியை அடித்துவிட்டார்.