'அந்த நாள்': வாக்கும் சான்றும்

கொலையாளி யார் என்று முன்பே தெரிந்த படத்தை மறுபடியும் பார்ப்பதில் என்ன சுவை இருக்க முடியும்? இந்த ஐயத்தோடுதான் சென்ற கோடையில், கொல்லிமலையில் குண்டூர் நாட்டு நண்பர் ஒருவர் வீட்டில், 'அந்த நாள்' படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் முறை பார்க்க அமர்ந்தேன். உடன் அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர்.

1954-இல் ஏ.வி.எம். தயாரிப்பாக வெளிவந்த படம் இது. இயக்கியவர் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர். இசைக் கலைஞர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது! 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியதல்லவா? அந்த நாட்களில்தான் கதை நிகழ்கிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் (ஜாவர் சீதாராமன்) வீட்டாரையும் அயலாரையும் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகின்றனர்.

இரண்டு படங்கள், இரண்டு வழிகள்

இப்படத்தை அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) படத்தோடு ஒப்பிடுவது வழக்கம். நானும் மாணவர்களிடம் இரண்டும் ஒன்றே என்பதுபோல் சொல்லி வந்தேன். அது தவறு என்று இம்முறை புரிந்தது. 'ராஷோமோன்' ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகக் கூறும் கதை. உண்மை எது என்ற கேள்வி அங்கே தீருவதில்லை. 'அந்த நாள்' படத்திலோ ஒவ்வொரு கூற்றும் ராஜன் வாழ்க்கையின் வெவ்வேறு பகுதியைக் காட்டி, கொலைக்கு ஒரு காரணத்தை முன்வைக்கிறது. அறிவியலில் இதற்குக் கருதுகோள் என்று பெயர். எல்லாமே நம்பும்படி இருக்கின்றன. ஆனால் நம்பும்படி இருப்பது மட்டும் சான்றாகிவிடுமா?

படத்தில் சிவானந்தம் ஒரு வேடிக்கைத் தேர்தல் நடத்துகிறார். கொலைகாரர் யார் என்று சந்தேகத்துக்கு உள்ளானவர்களையே சீட்டில் எழுதச் சொல்கிறார். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பிள்ளைகளிடமும் சீட்டு கொடுத்தேன். ஒருவருக்கு ஐந்து வாக்குகள் விழுந்தன. "அப்போ அவங்கதான் சார்!" என்றான் ஒருவன். "அஞ்சு பேர் சொன்னா உண்மையாயிடுமா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி.

எனக்குச் சுருக்கென்றது. முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் டிரான்சிஸ்டர் ஒன்று காணாமற் போயிற்று. மூன்று மாணவர்கள் ஒருவன் பெயரைச் சொன்னார்கள். அவனை ஒரு நாள் முழுதும் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். மறுநாள், பழுது பார்க்கக் கொண்டுபோன காவலாளியே அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் செய்ததும் வாக்கு எண்ணிக்கைதான்.

சிவானந்தம் வாக்குகளை எண்ணுவதில்லை என்பதைக் கவனியுங்கள். சீட்டுகளின் கையெழுத்தை, கையில் கிடைத்த ஒரு கடிதத்தின் எழுத்தோடு ஒப்பிடுகிறார்! முதல் முறை இதை வெறும் தந்திரமாக ரசித்தேன். படத்தின் கருவே இதுதான் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஒரு குறை

ஆனால் அந்த ஒப்பீடு நொடிப்பொழுதில் முடிந்துவிடுகிறது. ஒருவர் எழுத்தே ஒவ்வொரு முறையும் சிறிது மாறும். வேண்டுமென்றும் மாற்றி எழுதலாம். அதனால்தான் வல்லுநர்கள் பல மாதிரிகளைக் கேட்கிறார்கள். ஒரு சீட்டை மட்டும் வைத்து உறுதி கூறுவது அவசரம். வாக்கை நம்பாதே என்று கற்பிக்கும் படம், சான்றைச் சற்று எளிதாக நம்பிவிடுகிறது.

உங்கள் பெயரைப் பத்து முறை எழுதிப் பாருங்கள்; எந்த இரண்டும் அச்சாக ஒன்றாக இரா. பிறகு படத்தைப் பாருங்கள். கொலையாளி யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. தேர்தல் காட்சி வந்ததும் நிறுத்தி, நீங்கள் ஐயுறும் பெயரை எழுதுங்கள். அதன் கீழே அதற்கான சான்றையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது வரி காலியாக இருந்தால், முதல் வரியை அடித்துவிடுங்கள்.