டிரெபிளைத் தீர்மானிக்கும் விளிம்பு

ஹார்ன் டிரைவர் என்றதும் பேச்சு உலோகத்துக்குத்தான் போகும்: டைட்டானியமா, பெரிலியமா, பழைய அலுமினியமா? டயாபிரத்தின் குவிந்த பகுதியைச் சட்டத்தோடு பிணைக்கும் சில மில்லிமீட்டர் விளிம்பு, அதாவது சரவுண்ட், எதனால் ஆனது என்று கேட்பவர் குறைவு. உச்சஸ்தாயியின் குணம் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது என்பது என் கணிப்பு.

1954-இல் ஜேபிஎல் கொண்டுவந்த 375 டிரைவரில் 4 அங்குல அலுமினிய டயாபிரம். விளிம்பும் அதே தகடுதான், அரைவட்டமாக மடித்தது. 9 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் அதன் ஓட்டம் முடிந்துவிடும். பின்னாளில் வந்த 2441-இல் அந்த விளிம்பில் வைர வடிவ மடிப்புகளை அச்சிட்டார்கள். விளிம்பின் ஒத்ததிர்வு மேலே தள்ளப்பட, அதே அளவு டயாபிரம் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் எட்டிப்பார்த்தது. கெட்டிக்கார வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கூடுதல் எல்லை, கட்டுப்பட்ட அசைவால் கிடைத்ததல்ல. உலோகம் தன் போக்கில் அதிர்வதால் கிடைத்தது. உலோகத்துக்கு உள் தணிப்பு மிகக் குறைவு. சமிக்ஞை நின்ற பிறகும் கணநேரம் ஒலிக்கும். சிம்பல் ஓசையில் பதிவில் இல்லாத ஒரு மினுக்கம் சேர்வது இதனால்தான். சிலருக்கு அதுவே பிடித்தும் போகிறது.

அதே வடிவம் டைட்டானியத்துக்கு மாறியதை ஒலி முன்னேற்றமாக விற்றார்கள். அலுமினியத்திலும் டைட்டானியத்திலும் ஒலியின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர். அதனால் குவிமாடம் ஒரே துண்டாக அசையாமல் குலையத் தொடங்கும் அதிர்வெண் பெரிதாக நகராது. டைட்டானியத்தின் உண்மையான வரவு ஆயுள்: விளிம்பு லட்சக்கணக்கான முறை வளைந்தாலும் எளிதில் விரிசல் விடாது. ஊர் ஊராகப் போகும் கச்சேரி சிஸ்டத்துக்கு அது போதுமான காரணம். வீட்டில் கேட்பவருக்கு அல்ல.

பெரிலியத்தில் ஒலியின் வேகம் 12,000 மீட்டருக்கும் மேல்; குவிமாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான உலோகம் அரிது. வளைக்கத்தான் அது ஒத்துழைக்காது, நொறுங்கும். டிஏடி நிறுவனம் விளிம்பையும் பெரிலியத்திலேயே செய்தது. ட்ரூஎக்ஸ்டென்ட் என்ற பெயரில் வரும் பெரிலிய டயாபிரங்களில் விளிம்பு மட்டும் பாலிமர். ரேடியன் நிறுவனம் அலுமினியக் குவிமாடத்துக்கு மைலார் என்ற பாலிமர் விளிம்பை ஒட்டியதும் இந்த வழிதான். பாலிமர் அதிர்வை விழுங்கிவிடுவதால் டிரெபிள் பரபரப்பின்றி வரும். அதற்கு விலையும் உண்டு. உச்சியில் பளபளப்பு குறையும், பசை இணைப்பு சூட்டில் சோதனைக்குள்ளாகும். விளிம்பு அளவுக்கு மீறி இளகினால், மிகக் குறுகிய இடைவெளிக்கு அப்பால் நின்று ஒலியை ஹார்னுக்குள் செலுத்தும் ஃபேஸ் பிளக்கில் டயாபிரம் மோதவும் கூடும். இத்தனைக்குப் பிறகும், வீட்டு அறைக்கு என் தேர்வு பாலிமர்தான்.

நம்மூர்த் திருவிழாக் குழாய்களில் இந்தக் கவலையே இல்லை. அங்கே பெரும்பாலும் பீனாலிக் ஊட்டிய டயாபிரம். பேச்சும் நாகஸ்வரமும் தெருமுனை வரை கேட்டால் போதும்.

உலோக டயாபிரத்தில் நடைமுறைச் சிக்கல், பழுதானதற்கு மாற்று போடும்போது வருகிறது. "டைட்டானியம், 4 அங்குலம்" என்ற ஒட்டுத்தாளை நம்பி, எரிந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வேறு தயாரிப்பைப் போடுகிறார்கள். உலோகம் ஒன்று, மடிப்பு வேறு. இடது பக்கமும் வலது பக்கமும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெவ்வேறு குரலில் பேசத் தொடங்கும். ஈக்வலைசரால் அதை முழுமையாகச் சமன்செய்ய முடியாது. மாற்றினால் ஒரே விளிம்புள்ள ஜோடியாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.