தகடூரும் தருமபுரியும்: தொகைச்சொற்களில் அசைபிரிப்பு

செய்யுட்களைச் சந்தி பிரித்து அச்சிடும் முறை 1950களில் மர்ரே எஸ். இராஜம் வெளியிட்ட பதிப்புக்களால் பெரிதும் பரவிற்று. பொருளுணர்வார்க்கு அவை செய்த உதவி சாலப் பெரிது. ஆயினும், பிரித்த பாடத்தையே கொண்டு அலகிடுவோர் புலவர்பால் இல்லாத தளைப்பிழையைக் காண நேர்கின்றது. இதனைத் தருமபுரி மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் மூன்றால் விளக்குவாம்.

அதியமான் ஆண்ட தகடூரே இற்றைத் தருமபுரி என்பர். தகடு, ஊர் என்பன புணருங்கால் உகரம் கெட, டகர மெய்மேல் ஊகாரம் ஏறுகின்றது. 'தக/டூர்' என நிரைநேராகிய இது புளிமா. வெண்பாவில் அடுத்த சீர் நிரையசையால் தொடங்குதல் வேண்டும். 'தகடு ஊர்' எனப் பிரித்து ஒருசீராக அலகிடின் கருவிளமாகி, அடுத்து நேரசையை வேண்டும். பிழையற்ற வெண்பாவும் தளை தட்டியதாகத் தோன்றும்.

தருமபுரி என்பது 'தரு/மபு/ரி' எனக் கருவிளங்காய். தருமம் என்பதன் ஈற்றொற்றுக் கெட்டமையின், எஞ்சிய மகரமும் வருமொழியின் முதலெழுத்தும் கூடி ஒரு நிரையசையாயின. வெண்பாவின் ஈற்றிலோ காய்ச்சீர் நில்லாது; ஆண்டு 'தரும புரி' எனப் புளிமாவும் மலருமாய்ப் பிரிந்து, தளையும் கெடாது நிற்கும். ஒரு பெயரே இடம் நோக்கி இருவகையாக அசைபெறுகின்றது.

அதியமான்கோட்டையில் னகர ஒற்று நடுநின்று எல்லையைக் காக்கின்றது. 'அதியமான் கோட்டை' எனப் பிரிப்பினும் கருவிளமும் தேமாவும் ஆதலின் அசை மாறாது. நிலைமொழி ஈற்றொற்றுப் புணர்ச்சியிலும் நிற்க, வருமொழி மெய்யால் தொடங்குமாயின், பிரிப்பால் ஊறில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இஸ்பானிய மொழியிலும் இத்தகைய நிலை உண்டு. 'நாங்கள்' எனப் பொருள்படும் 'நோசோத்ரோஸ்' ஒலிப்பில் 'நோ/சோ/த்ரோஸ்' என அசைபடும். வரியிறுதியில் உறுப்பு நோக்கி 'நோஸ்/ஓத்ரோஸ்' எனப் பிரித்தெழுதவும் அந்நாட்டு அரச கல்விக்கழகத்தின் 2010ஆம் ஆண்டு எழுத்திலக்கண நூல் இடந்தருகின்றது. எழுத்திற்கு இசைந்த பிரிப்பு ஒலிக்கு அளவுகோலாகாது.

ஆதலின், பாடநூல்கள் பிரித்த பாடத்தோடு சீர்வடிவப் பாடத்தையும் தருதல் கடன் என்பது நம் கருத்து. மாணாக்கர் பொருள் காணப் பிரிக்க, அலகிடுமுன் சேர்க்க. புலவரைப் பிழை கூறுதல் அதன் பின்னரே ஆகுக.