அலிபிரிப் பாதையில் கைத்தடியும் கடிகாரமும்

ஆப்பிரிக்கக் காட்டில் சிக்கிக்கொண்ட மனிதன் உயிர் தப்பும் திரில்லர் படங்கள் எல்லாவற்றிலும், கடைசிப் பத்து நிமிடங்களில் கதாநாயகன் மிருகத்தோடு நேருக்கு நேர் மோதியாக வேண்டும். 2022-ல் இட்ரிஸ் எல்பா நடித்து வந்த 'பீஸ்ட்' படத்திலும் அப்படித்தான். தென்னாப்பிரிக்கச் சரணாலயம் ஒன்றில் இரண்டு மகள்களோடு மாட்டிக்கொள்ளும் மருத்துவர், வெறிகொண்ட சிங்கத்தைக் கையில் கத்தியோடு எதிர்கொள்கிறார். அரங்கமே கைதட்டும் காட்சி. ஆனால் ஒரு போட்டியை அலசும் கண்ணோடு அதைப் பார்த்தால், அவரைக் காப்பாற்றியது அந்தக் கத்தி இல்லை என்பது தெரியும். வேறொரு சிங்கக் கூட்டத்தின் எல்லைக்குள் அந்தச் சிங்கத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்; மிச்சத்தை அந்தக் கூட்டம் பார்த்துக்கொள்கிறது. அவர் பிழைத்தது சரியான இடத்தைத் தேர்ந்தெடுத்ததால். காட்டில் தப்பிப்பது பற்றி அந்தப் படம் சொல்லும் ஒரே உண்மையான சேதி இதுதான். நம் பக்கத்திலேயே, திருப்பதி அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் பாதையிலும் இதே உண்மைதான் செல்லுபடியாகிறது. அங்கே ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிப்பவை நேரமும், கூட்டம் நகரும் அமைப்பும், குழந்தை நிற்கும் இடமும்தான். கையில் இருக்கும் ஆயுதத்துக்கு அதில் கடைசி இடம்.

2023 ஜூன் 22-ம் தேதி இரவு, ஏழாவது மைல் அருகே ஒரு சின்னஞ்சிறு பையனைச் சிறுத்தை கவ்விச் சென்றது. அருகில் இருந்தவர்கள் கூச்சலிட்டு விரட்டியதால் பையனைப் போட்டுவிட்டு ஓடியது. காயங்களோடு அவன் பிழைத்தான். ஆகஸ்ட் 11-ம் தேதி இரவு லட்சுமி நரசிம்மர் கோயில் அருகே, பெற்றோருக்குச் சற்று முன்னால் நடந்துகொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் உடல்தான் கிடைத்தது. அதன்பிறகு திருமலை திருப்பதி தேவஸ்தானம் பல நடவடிக்கைகளை எடுத்தது. குழந்தைகளோடு வருபவர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்குமேல் படியேற அனுமதி இல்லை என்றது, பக்தர்களை நூறு நூறு பேராகக் காவலர் துணையோடு அனுப்பியது, வனத்துறையோடு சேர்ந்து கூண்டு வைத்தது, கையில் கம்பும் கொடுத்தது. இவற்றில் ஊரெல்லாம் பேசியது கம்பைப் பற்றி மட்டும்தான். உண்மையான பலன் தரக்கூடிய இரண்டு மணிக் கட்டுப்பாடு செய்தியின் கடைசி வரிக்குப் போய்விட்டது. இந்த வரிசையைத்தான் திருப்பிப் போட வேண்டும்.

முதலில் இரு தரப்பின் உடல்திறனைப் பார்ப்போம். 2009-ல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்தார். சராசரி வேகம் மணிக்கு 37.6 கிலோமீட்டர். மனித இனம் இதுவரை கண்ட உச்சம் அது. சமதளத்தில், ஆணிக் காலணியோடு ஓடியது. சிறுத்தையோ குறுகிய தூரத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 58 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். வெறுங்காலோடு படியேறுகிறவர் அதை ஓடி வெல்லலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மனிதனுக்கும் ஒரு பலம் உண்டு. கலஹாரிப் பாலைவனத்தில் சான் இன வேட்டைக்காரர்கள், வெயில் 40 டிகிரியைத் தொடும் நடுப்பகலில், 25 முதல் 35 கிலோமீட்டர் வரை மானை விடாமல் துரத்தி, அது சூடேறித் துவண்டு விழும்வரை ஓடுவதை ஆய்வாளர் லூயிஸ் லீபென்பர்க் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொண்டே நெடுந்தூரம் போவதில் மனிதனுக்கு இணையான விலங்குகள் குறைவு. சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள் கொண்ட அலிபிரிப் பாதையை ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர், அறுபது வயதைக் கடந்தவர்கள் உட்பட, ஏறி முடிப்பதும் அந்தத் திறனால்தான். சோகம் என்னவென்றால், மூன்று நான்கு விநாடியில் முடிந்துவிடும் ஒரு மோதலில் மூன்று மணி நேரம் தாங்கும் இந்தத் திறனால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே மோதல் தொடங்கிய பிறகு ஜெயிப்பதைப் பற்றி யோசிப்பதைவிட, மோதலே நிகழாமல் பார்த்துக்கொள்வதற்கான திட்டம்தான் நமக்கு வேண்டும்.

சிறுத்தை பதுங்கித் தாக்கும் விலங்கு. கபடியில் நல்ல ரெய்டர் நடுவில் கைகோத்து நிற்கும் சங்கிலியை நோக்கிப் பாய மாட்டார். ஓரத்தில் தனியாக நிற்பவரைத் தொட்டுவிட்டுத் திரும்பவே பார்ப்பார். சிறுத்தையின் கணக்கும் அதுதான்: தனித்திருப்பது எது, உயரம் குறைந்தது எது, புதருக்கு அருகில் இருப்பது எது? அலிபிரிப் பாதையில் இந்த மூன்று கேள்விக்கும் ஒரே பதில் பல நேரங்களில் குழந்தைதான். பெரியவர்கள் மூச்சு வாங்கி நிற்கும்போது பிள்ளைகள் களைப்பே இல்லாமல் பத்துப் படி முன்னால் ஓடிப்போய் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். இந்தப் பாதையில் சர்வசாதாரணமான காட்சி அது. இன்னொன்றும் உண்டு. வேண்டுதலுக்காகப் படிக்குப் படி மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டே போகும் பெண்கள், மணிக்கணக்கில் குனிந்த தலையோடு, பாதையின் ஒரு ஓரமாகவே நகர்கிறார்கள். நிமிர்ந்து நடக்கும் மனிதரிடம் தயங்கும் விலங்கு குனிந்த உருவத்திடம் அதே அளவுக்குத் தயங்கும் என்று நம்புவதற்கில்லை. படி பூஜை செய்யக்கூடாது என்பது என் வாதம் அல்ல. பூஜை செய்பவரின் புதர்ப் பக்கமாக நிமிர்ந்த ஆள் ஒருவர் நடக்க வேண்டும். பிள்ளைகள் நடுவில், பெரியவர்கள் முன்னும் பின்னும் வர வேண்டும். இதற்குக் காசு செலவில்லை, கம்பும் தேவையில்லை.

நேரத்தின் கணக்கு இதைவிட வலுவானது. தான்சானியாவில் 1990 முதல் சுமார் பதினைந்து ஆண்டுகளில் சிங்கங்கள் 560-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதைச் சிங்க ஆய்வாளர் கிரெய்க் பேக்கரின் குழு தொகுத்தது. அந்தத் தாக்குதல்களை நிலவின் நாட்காட்டியோடு ஒப்பிட்டு 2011-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது: பெரும்பாலான தாக்குதல்கள் இரவில் நடந்தவை, அவற்றிலும் பௌர்ணமி கழிந்த அடுத்த நாட்களில், இருட்டிய பிறகும் நிலா எழாமல் இருக்கும் முன்னிரவில்தான் ஆபத்து அதிகம். மனிதர்கள் வெளியே நடமாடும் நேரமும் இருட்டும் ஒன்றாகச் சேரும் இடைவெளி அது. திருமலையின் இரு சம்பவங்களுமே இரவில் நடந்தவை. ஆகஸ்ட் சம்பவம் ஆடி அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பு, நள்ளிரவு தாண்டித்தான் நிலா எழும் தேய்பிறையில் நடந்தது. ஒரு சம்பவத்தை வைத்து விதி எழுத முடியாது. அது சிங்கம், இது சிறுத்தை. ஆனாலும் இருட்டில் நமக்குக் கண் தெரியாது, அதற்குத் தெரியும் என்ற அடிப்படை இரண்டு கண்டங்களுக்கும் பொது. பகலில் ஆடினால் நமக்குச் சாதகமான ஆட்டத்தை இரவில் போய் ஆடி எதிராளிக்கு விட்டுக்கொடுக்கிறோம்.

ஜூனில் அந்தப் பையன் பிழைத்ததே எதிர்த்து விரட்டியதால்தானே, அப்படியானால் கம்புக்கு வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விரட்டியவர்களின் துணிச்சலுக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் அன்று வேலை செய்தது ஆட்களின் எண்ணிக்கையும் சத்தமும். பக்கத்திலேயே ஆட்கள் இருந்தார்கள், உடனே கவனித்தார்கள், ஒன்றாகக் கத்தினார்கள். ஆகஸ்டில் இவற்றில் எதுவும் இல்லை. அந்தப் பிள்ளையின் பெற்றோர் கையில் கம்பு இருந்திருந்தாலும், கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்ததை அது தடுத்திருக்காது. கூட்டமாக நடந்து 'கோவிந்தா' சொல்லிக்கொண்டே ஏறும் பழைய வழக்கம் எந்தக் கம்பையும்விட நல்ல காப்பு. கம்பு ஊன்றி நடக்கட்டும், செங்குத்தான முழங்கால் முறிச்சான் படிகளில் உதவும். அதை நம்பி இருட்டில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதுதான் கூடாது.

அடுத்த வாதம், சிறுத்தைகளை எல்லாம் பிடித்து வேறு காட்டில் விட்டுவிட்டால் தீர்ந்தது என்பது. வேட்டைக்கார எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் எழுதிய மாமண்டூர் ஆட்கொல்லிப் புலிக் கதை நடந்த மலைப்பகுதி இது. ஒரு கொடிய விலங்கு, அதை ஒழித்தால் நிம்மதி என்ற எண்ணம் இங்கே வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் இதைச் செய்து பார்த்தார்கள். சிறுத்தைகளைப் பிடித்து இடம் மாற்றத் தொடங்கிய பிறகு மனிதர்கள் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரி 4-லிருந்து 17 ஆக ஏறியது என்று ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் 2011-ல் காட்டினார்கள். ஆளைத் தாக்கிய விலங்கை அடையாளம் கண்டு அகற்றுவது வேறு; கூண்டில் விழுந்ததையெல்லாம் அள்ளிச் செல்வது வேறு. சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் 4,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. காலியான இடத்துக்கு இன்னொரு சிறுத்தை வந்து சேரும். பாதையோரக் கடைகளில் காய்கறியும் பழமும் வாங்கி மானுக்கும் குரங்குக்கும் போடுவதற்குத் தேவஸ்தானம் விதித்த தடை இதைவிட அறிவுள்ள நடவடிக்கை. இரையும் நாயும் படியோரத்தில் கூடாவிட்டால் சிறுத்தைக்கு அங்கே வர வேலை குறையும்.

கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்ற என் வாதத்துக்கு மிகக் கடுமையான மறுப்பு 2025 பிப்ரவரியில் வந்தது. மகாசிவராத்திரியை ஒட்டி, அப்போது பக்கத்து அன்னமய்யா மாவட்டத்தில் இருந்த குண்டாலகோனா காட்டு வழியே தலகோனா சிவன் கோயிலுக்கு இரவில் நடந்துபோன பக்தர் குழுவை யானைக் கூட்டம் தாக்கியது, பெரியவர்களே உயிரிழந்தார்கள். தனியாகப் போனவர்கள் அல்ல அவர்கள். இந்தச் சம்பவத்தை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மையாகாது. யானை பதுங்கி இரை தேடும் விலங்கு இல்லை. தன் கூட்டத்துக்கு ஆபத்து என்று கருதினால் மோதும், சத்தம் அதை விரட்டுவதற்குப் பதிலாகச் சீண்டவும் கூடும். சிறுத்தையிடம் உதவும் நெருக்கமும் கூச்சலும் யானையிடம் எதிராகத் திரும்பும். அங்கே தூரம் ஒன்றுதான் காப்பு. பலமநேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள், 1980-களில் தமிழகப் பக்கமிருந்து யானைகள் வந்து சேர்ந்த நாள் முதல் இதை அறிவார்கள். யானை இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால் அந்த வழியே போக மாட்டார்கள். எதிராளிக்கேற்ப வியூகம் மாற வேண்டும் என்பது எல்லா ஆட்டத்துக்கும் உள்ள விதி. மாறாத ஒன்று உண்டு: குண்டாலகோனாவிலும் அது இரவு.

இரவில் ஏறுவது வெயிலுக்குப் பயந்துதானே, திருப்பதியின் கோடையில் பகல் நடை எளிதா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கலஹாரியில் மான் விழுந்த அதே வெயில் நீரில்லாத மனிதனையும் வீழ்த்தும். அதனால் உச்சி வெயிலில் ஏறச் சொல்வது தீர்வாகாது. விடிந்ததும் கிளம்பினால் வெயில் உறைப்பதற்குள் மலைக்குப் போய்விடலாம். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு ஸ்ரீவாரி மெட்டு வழி இருக்கிறது, படிகளும் தூரமும் குறைவு. தடையாக இருப்பது பயணத் திட்டம்தான். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் மாலையில் வந்து இறங்கும் குடும்பம் ஓர் இரவு தங்க இடமில்லாமல் அப்படியே படியேறத் தொடங்குகிறது. புரட்டாசிக் கூட்டம் தொடங்கும் முன், பிள்ளைகளோடு வருகிறவர்கள் விடியும்வரை தங்க அலிபிரி அடிவாரத்தில் கூடுதல் கூடங்கள் வேண்டும். இரண்டு மணிக் கட்டுப்பாட்டைத் தமிழிலும் தெலுங்கிலும் பேருந்து நிலையங்களிலேயே பெரிதாக எழுதி வைக்க வேண்டும்; டிக்கெட் எடுக்கும் இடத்தில் தெரிந்தால்தான் அந்தக் குடும்பம் காலை வண்டியைப் பிடிக்கும்.