சுருங்கிய வில்லுப்பாட்டும் அதன் மூலவடிவும்

நாஞ்சில் நாட்டுக் கோயிற் கொடைகளில் இரவு முழுதும் பாடப்பெறும் வில்லுப்பாட்டு, மேடையிலும் வானொலியிலும் புகுந்தபின் பலரும் அறிந்த கலையாயிற்று. ஒழுகினசேரியிற் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அதனைப் புதுப்பொருள் கூறும் கலையாகவும் ஆக்கினார். கலை பரவியது, கதை சுருங்கியது. பழைய இசைத்தட்டின் ஒரு புறம் ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டையே கொள்ளும்.

இங்ஙனம் குறுகிய பாட்டினை மூலவடிவில் மீட்டல் வேண்டும் என்பது நன்றே. ஆயின் மூலம் யாது? ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, ஒன்றில் இல்லாத அடிகளை மற்றொன்றினின்றும் எடுத்து நிரப்பி, மிக நீண்ட பாடத்தையே மூலம் எனக் கொள்வாரும் உளர். அங்ஙனம் இயன்ற பாடத்தை எக்கோயிலிலும் எவரும் பாடியிரார் என்பதனை அவர் எண்ணிலர்.

1971-இல் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை ஈண்டு நோக்கத்தக்கது. அந்தணனாகிய பட்டன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் அருந்ததியரான வாலப்பகடையின் மக்கள். அவர்கள் பிறப்பால் அந்தணப் பெண்களே எனவும், பகடை அவர்களை எடுத்து வளர்த்தவனே எனவும் கூறும் பகுதியைப் பேராசிரியர் பிற்சேர்க்கை எனக் கொண்டார். இம்முடிபு நமக்கும் உடன்பாடே. அப்பகுதி கதையை நீட்டுகின்றது. அதன் உயிரையோ போக்குகின்றது. குலங்கடந்த மணமே இல்லையாயின், பட்டன் பூணூலைத் துறந்து செருப்புத் தைக்கக் கற்றதற்குப் பொருள் யாது? எனவே, மூலத்தை அணுகும் வழி சேர்த்தல் மட்டுமன்று, நீக்கலும் ஆம்.

இனி, சுருக்கத்தால் இழந்தவை அடிகள் மட்டும் அல்ல. காப்பும் அவையடக்கமும் குறைந்தன. புலவர் பாடிய அடியை உடன்பாடுவோர் ஏற்றுப் பாடும் முறையும் தளர்ந்தது. நாஞ்சில் நாட்டுக் கொடைகளை நேரிற் கண்டு ஆய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில், ஏட்டளவில் நில்லாது பாடும் நிகழ்ச்சியையே பனுவலாகக் கொண்டார். தெய்வம் ஏறி ஆடும் பொழுதிற் பாட்டு அந்த ஆட்டத்திற்கு ஏற்ப நீளும். ஏட்டில் அந்நீட்சியைக் காணவியலாது.

ஆதலின், ஒரு கோயிலில் ஒரு குழுவினர் ஓரிரவிற் பாடியதனை முழுமையாகப் பதிந்து, அவர்தம் ஏட்டினை அதன் அருகே வைத்து, வேறுபாடுகளைக் கலவாது காட்டுதலே தக்க பதிப்புமுறை என்போம். ஒலிப்பதிவுக் கருவி அரிதாயிருந்த நாளில் இது கூடாததாயிற்று என்னலாம். இன்று அத்தடை இல்லை. முழுக்கதையையும் பாடவல்ல முதுபுலவர்களே அருகி வருகின்றனர்.