எழுபது வயதின் மார்பகம்

மருத்துவ ஆய்வறிக்கையையும் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். யார் பேசுகிறார்கள், எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணாமல் விடுகிறார்கள் என்று நாவலிடம் கேட்பதை அட்டவணையிடமும் கேட்கலாம். வயதான பெண்களின் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எவ்வளவு தேவை என்று பேசும் ஆய்வுகளை அப்படித்தான் வாசித்தேன்.

அவற்றுக்கு ஒரு முன்கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் பரப்பிய அறுவை முறை, மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து அகற்றியது. 1970களில்கூட, கட்டி எத்தகையது என்று பார்ப்பதற்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண், மார்பகம் இல்லாமல் கண்விழிப்பது அங்கே சாதாரணமாக நடந்தது. 1974இல் நோய் கண்டறியப்பட்ட பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர், பரிசோதனைக்கும் அறுவைக்கும் நடுவே பெண்ணுக்கு யோசிக்க அவகாசம் வேண்டும் என்று போராடினார். கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர்வாழும் காலம் குறைவதில்லை என்பதை அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசியும் நடத்திய ஆய்வுகள் 1980களில் காட்டின. ‘குறைவான சிகிச்சை’ என்பது பெண்களும் சேர்ந்து போராடிப் பெற்ற உரிமை.

ஆனால் மார்பகத்தைக் காப்பாற்றிக்கொண்ட பெண் ஐந்தாறு வாரம் நாள்தோறும் கதிர்வீச்சுக்குப் போய்வர வேண்டியிருந்தது. நோய் திரும்பும்போது பெரும்பாலும் பழைய கட்டி இருந்த இடத்தருகிலேயே திரும்புகிறது. அப்படியானால் முழு மார்பகத்துக்கும் எதற்கு? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இலக்கு வைத்த கதிர்வீச்சு. பிரிட்டனின் ‘இம்போர்ட் லோ’ ஆய்வில் 50 வயதைக் கடந்த சுமார் 2,000 பெண்கள் பங்கேற்றார்கள். கட்டி இருந்த பகுதிக்கு மட்டும் கொடுத்த கதிர்வீச்சு, நோய் திரும்புவதைத் தடுப்பதில் முழு மார்பகக் கதிர்வீச்சுக்குக் குறைந்ததல்ல என்று 2017இல் முடிவு வந்தது. ‘டார்கிட்’ ஆய்வோ அறுவை மேசையிலேயே, கட்டியை எடுத்த குழிக்குள் ஒரே தவணையாகக் கதிர்வீச்சைக் கொடுத்துப் பார்த்தது. அது போதுமா என்று மருத்துவர்களிடையே நெடுநாள் சர்ச்சை நடந்தது.

அடுத்த கேள்வி: வயதான பெண்ணுக்குக் கதிர்வீச்சே வேண்டாமா? 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1,326 பெண்களை வைத்து நடந்த ‘பிரைம் 2’ ஆய்வின் பத்தாண்டு முடிவு 2023இல் வெளியானது. எல்லோருக்கும் ஹார்மோன் மாத்திரை உண்டு. அதே மார்பகத்தில் நோய் திரும்பியது, கதிர்வீச்சு பெற்றவர்களில் 0.9 சதவீதம், பெறாதவர்களில் 9.5 சதவீதம். உயிரோடிருந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய 81 சதவீதம். 70 வயதைத் தாண்டிய 636 பெண்களிடம் நடந்த முந்தைய அமெரிக்க ஆய்வில், பத்தாண்டு கடந்த கணக்கில் 334 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 21 பேர் மட்டுமே.

இந்த எண்கள் ஆறுதல் தருபவைதாம். ஆனால் உயிர் போகவில்லை என்றால் நட்டமில்லை என்று எழுதுவது யார்? நோய் திரும்பினால் மறுபடி ஒரு அறுவை, மறுபடி பயம், ஒருவேளை அத்தனை பாடுபட்டுக் காத்த மார்பகமே போவது. நூறில் ஒன்பது என்பது சிறியதா பெரியதா என்பதை அதைத் தாங்கப்போகிறவள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கணக்கில் மங்கலாகவே இருக்கிறது. கதிர்வீச்சைத் தவிர்ப்பது, ஐந்தாண்டு மாத்திரை விழுங்குவதை நம்பி நிற்கிறது. மூட்டுவலி, உடல் கொதிப்பு, சில மாத்திரைகளால் எலும்புத் தேய்வு எல்லாம் அந்த ஐந்தாண்டுக்குள் அடங்கும். மாத்திரையை நடுவில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். பிரைம் ஆய்விலேயே, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி குறைவாக இருந்த கட்டிகள் கதிர்வீச்சு இல்லாதபோது அதிகம் திரும்பின. 70 வயதைக் கடந்தவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டுமா, மாத்திரை மட்டுமா என்று நேராகவே ஒப்பிடும் ‘யூரோப்பா’ ஆய்வின் இடைக்கால முடிவு அண்மையில் வந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்ற பெண்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் குறைவாகவே சரிந்திருந்தது. கேள்வியை மாற்றியதும் விடையும் மாறுகிறது.

‘இந்த வயதில் மார்பகம் எதற்கு, எடுத்துவிடலாம்’ என்பதும், ‘இந்த வயதில் சிகிச்சை எதற்கு, விட்டுவிடலாம்’ என்பதும் ஒரே பார்வையின் இரண்டு முகங்கள். இரண்டிலும் அவள் விருப்பத்துக்கு இடமில்லை. பெண்ணிய எழுத்தும் இங்கே கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது. மார்பகத்தை இழந்தபின் செயற்கை மார்பகம் அணிய மறுத்ததை ஆட்ரி லார்ட் 1980இல் எழுதியபோது, அது நாற்பதுகளில் இருந்த ஒருத்தியின் குரல். எழுபது வயதின் உடலாசை, தன்மானம், களைப்பு பற்றி நாம் அந்த அளவு எழுதவில்லை.

ஆகவே நம் அம்மாக்களோடு மருத்துவரின் அறைக்குப் போகும்போது அவர்களுக்குப் பதிலாக நாம் பேசிவிடக் கூடாது. கட்டியின் அளவென்ன, ஓரம் சுத்தமாக இருக்கிறதா, நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கிறதா, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி எவ்வளவு, முழுதாகவா பகுதிக்கு மட்டுமா, கதிர்வீச்சா மாத்திரையா இரண்டுமா என்பதையெல்லாம் அவர்கள் காதில் விழும்படி கேட்போம். பதிலை மருத்துவர் நம் முகத்தைப் பார்த்துச் சொன்னால், அம்மாவிடம் சொல்லுங்கள் என்போம்.