மடன்மாவும் ஆவிரை மாலையும்

மடலேறும் தலைவன் ஆவிரையும் எருக்கும் பூளையும் சூடுதலை விளக்குவோர், இவை மாந்தர் சூடா இழிந்த பூக்களாதலின் அவன் நாண் துறந்தமைக்கு அடையாளமாயின என்பர். எருக்கிற்கும் பூளைக்கும் இது பொருந்தலாம். ஆவிரையையும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்துமா என்பதே ஈண்டு எழும் வினா.

குறுந்தொகை 173ஆம் பாடல் ஆவிரையின் புதுமலரைப் பொன்னோடு ஒப்பிடுகின்றது. இழிவு கருதிய புலவன் பொன்னை நாடியிரான். கபிலரோ குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையிற் குவித்த மலர்களுள் ஆவிரையையும் வைக்கின்றார். மகளிர் விரும்பிக் கொய்யும் பூ ஆடவன் மாலையில் மட்டும் இழிந்ததாவது எங்ஙனம்? கலித்தொகையில் அது எருக்குடன் தொடுக்கப்படுதல் உண்மையே; எனினும் உடன் தொடுக்கப்பட்டமையால் இரண்டும் ஒரு பொருளவாகிவிடா.

விடைக்கு நூலை விட்டு நிலத்தையும் சற்று நோக்கல் வேண்டும். ஈழத்தில் ஆவரசு என வழங்கும் இச்செடி உலர்வலயத்துப் பற்றைகளுக்கு உரியது. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நாட்டில் மாரி கழிந்து, வைகாசி முதல் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திடல்களிற் புல் கருகும். ஆவரசு அப்போதும் பூக்கும். வறண்ட வெளியில் அம்மஞ்சள் நிறம் தொலைவிலேயே கண்ணிற் படும். (ஆவாரை பூத்திருக்கச் சாவாருண்டோ என்னும் பழமொழி மருந்து பற்றியது, சாகத் துணிந்தவன் அப்பூவையே சூடுதலில் ஒரு முரண் இருப்பதும் சுவைக்கத்தக்கது.) அப்பாடல் இங்குப் பிறந்ததன்று, மடலேறும் வழக்கு இங்கிருந்தது என்பதும் என் கருத்தன்று. ஆயினும் அப்பூவைக் கண்டறிந்த கண்ணுக்கு அகராதி தராத ஒன்று புலனாகின்றது: ஆவிரை மறைக்கவியலாத பூ.

மடலேற்றத்தின் பயனும் அதுவே. மறைவில் நிகழ்ந்த காதலை மன்றத்திற்குக் கொணர்தலே அதன் நோக்கம். பனைமடற் குதிரையின் மணி செவிக்கு அறிவிப்பதை மாலை கண்ணுக்கு அறிவிக்கின்றது. இவ்வாறு கொள்ளின் 173ஆம் பாடலின் இறுதி தெளிவாகும். அங்கே தலைவன் தன் இழிவைப் பெரிதாகப் பேசவில்லை. இச்செயலுக்குக் காரணமானவள் இன்னாள் என ஊரார் அவள்மேற் பழி கூறுவர் என்பதையே கூறுகின்றான். பொன்னிறம் ஊரைக் கூட்டும். கூடிய ஊர் அவள் பெயரைச் சொல்லும். நாணிழப்பு அவனது, பழி அவளது. இழிந்த பூ என்னும் விளக்கம் முன்னதை மட்டுமே காட்டிப் பின்னதை மறைத்துவிடுகின்றது.